நகராத மேகம்

கண்ணாடியை ஒரு தடவை துடைப்பாள். இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, எதிர் வெளிச்சத்தில் பார்ப்பாள். "ச்சீ" என்பாள். மறுபடி துடைப்பாள். ஆராய்ச்சி நிலையத்தின் மொட்டை மாடியில் ஒரு தகர அறை இருக்கிறது. அதன் கூரையில், சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. முந்தின நாள் தூசி, காக்கை எச்சம், பக்கத்து அடுக்குமாடியில் யாரோ உதறிய கம்பளத்தின் நூல், எல்லாம் அதன்மேல்தான் வந்து உட்காரும். ஏணி போட்டு ஏறி அதைத் துடைப்பது அவளுடைய வேலை இல்லை. அதற்கென்று ஆள் உண்டு. அவரும் ஒரு நாள் துடைத்தார். அவள் ஏறிப் பார்த்துவிட்டு, "அழுக்கை எல்லா எடத்துக்கும் சமமாப் பங்கு வச்சிருக்கீங்க. ரொம்ப நியாயஸ்தர்" என்றாள். அதன்பிறகு அந்த மனிதர் மாடிப்படி பக்கமே வருவதில்லை.

நிலையத்தில் அவளுக்கு மங்கல் மேடம் என்று பெயர், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும். அவள் வாயிலிருந்து அடிக்கடி விழும் சொல் அது. கான்டீன் தேநீர் மங்கல். புதிதாகச் சேர்ந்த ஆய்வாளன் எழுதிக் கொண்டுவந்த கட்டுரை மங்கல். ஆண்டு விழாவில் இயக்குநர் பேசிய பேச்சு, "தலைப்புலேருந்தே மங்கல்." ஒரு முறை பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, அவர் தூக்கிக் காட்டிய எக்ஸ்ரே படத்தைப் பார்த்து "ம்ங்கல்" என்றாள். வைத்தியர் பஞ்சை எடுத்தபிறகு, படம் ஏன் அப்படி வந்தது என்பதையும் பொறுமையாக விளக்கிவிட்டு வந்தாள். அவர் அடுத்த தடவை அவளுக்கு நேரம் ஒதுக்கவில்லை.

அவள் தொழில் லேசானது இல்லை. இருட்டான அறைக்குள் ஓட்டை வழியாக ஒரு கற்றை வெயில் விழுந்தால், அதுவரை கண்ணில் படாத தூசியெல்லாம் அதில் மிதப்பது தெரியும் அல்லவா? அந்த வேலையைத்தான் அவள் தலைகீழாகச் செய்கிறாள். தகர அறைக்குள் இருக்கும் லேசர் பச்சை ஒளியைத் துண்டு துண்டாகக் கூரைக் கண்ணாடி வழியாக மேலே அனுப்பும். காற்றில் இருக்கும் தூசியும் புகையும் நீர்த்துளியும் அதில் ஒரு துளியைத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் தொலைநோக்கி அந்தத் துளியைப் பிடிக்கும். போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால் எந்த உயரத்தில் பட்டுத் திரும்பியது என்று தெரியும். எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் அங்கே எவ்வளவு அடர்த்தி என்று தெரியும். கம்ப்யூட்டர் இதையெல்லாம் வண்ணப் படமாக வரைந்து தரும். காற்றைப் படம் பிடிக்கிறவள் என்று சொன்னால் தப்பில்லை. எல்லோருக்கும் வாய்க்கிற வேலையா இது?

ஆனால் சொந்தபந்தம் அவளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. "நாளைக்கு மழை வருமா? துணி ஊற வைக்கலாமா?" எத்தனையோ வருடம் படித்து, ஊர் ஊராக அலைந்து, தலையில் பாதி நரைத்து நிற்கிறவளைப் பார்த்து ஒரு சித்தப்பா இன்னமும் இதைத்தான் கேட்கிறார்.

"சித்தப்பா, உங்க வீட்டுல ஜன்னல் இருக்கா?"

"இருக்கும்மா."

"தொறந்து பாருங்க."

"அதுக்கு எதுக்கு நீ இவ்வளவு படிச்ச?" என்று சித்தப்பாவும் விடவில்லை.

இன்னொரு கூட்டம் உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு "அழகா இருக்கு" என்று சொல்கிற கூட்டம். அந்தச் சொல்லைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் நிலையத்தின் இயக்குநர்தான். ஒரு காலத்தில் அவரும் கருவியைத் தொட்டவர்தான் என்கிறார்கள். அதற்குச் சாட்சி யாரும் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று, "அந்தச் செவப்பை இன்னும் கொஞ்சம் தூக்கலாமா?" என்பார்.

"செவப்புன்னா அங்க புகை ஜாஸ்தின்னு அர்த்தம் சார். நான் தூக்கணும்னா ஊரைத்தான் கொளுத்தணும்."

"இல்ல, பாக்க எடுப்பா இருக்கும்னு சொன்னேன்."

"எடுப்பா வேணும்னா திரைச்சீலை வாங்கி மாட்டுங்க."

அப்படிப் பேசியும் அவளை அவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கோடு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், வானம் துல்லியமாக இருந்த ஒரு நாளில், அவளுடைய படத்தில் அறுநூறு மீட்டர் உயரத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது. மேகம் மூடிய நாளில் மறைந்தது. வானம் வெளுத்ததும் அதே உயரத்தில் மறுபடி வந்து நின்றது. ஊரைச் சுற்றியிருக்கும் குன்றுகளும் ஏறத்தாழ அதே உயரம். குன்றுகளின் நடுவில் காற்று சிக்கிக்கொண்டு, ஊர்த் தூசியெல்லாம் அந்த மட்டத்தில் ஏடு கட்டி நிற்கிறது என்று அவள் எழுதினாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வெளியூர்க்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். இயக்குநர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டினார். போகிற இடமெல்லாம் "எங்கள் படலம்" என்றார். தூக்கி வளர்த்தவர் மாதிரி.

எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர், பலூன்காரர். நிலையத்தின் பின்புறப் புல்தரையில் தினமும் காலையில் ஒரு வெள்ளைப் பலூனில் வாயு அடைத்து, அதன் கீழே கைப்பிடி அளவு பெட்டியைக் கட்டிப் பறக்க விடுவது அவர் வேலை. பெட்டி மேலே போகப் போகச் சூட்டையும் ஈரத்தையும் அளந்து சொல்லிக்கொண்டே போகும். பெருத்த உடம்பு, கீச்சுக் குரல். அவருக்கும் பட்டம் உண்டு, கட்டுரைகள் உண்டு. ஆனால் புல்தரையில் நின்று பலூன் ஊதுகிறவரை யார் மதிப்பார்கள்?

"மேடம், அறுநூறு மீட்டர்ல ஒண்ணுமே இல்ல. காத்து அங்க சிக்கியிருந்தா சூடு மாறணும். என் பெட்டியில ஒரு சின்ன அசைவுகூட இல்ல."

"உங்க பலூனுக்குக் கண்ணு இல்ல சார்."

"மூக்கு இருக்கே. அந்த வழியாத்தானே தினம் போகுது? நடுவுல ஒரு சுவரு இருந்தா முட்டிக்காதா?"

"முட்டினாலும் தெரியாது. பலூனோட புத்தி பலூன் அளவுதான் இருக்கும்."

அவர் சிரிப்பார். ஆனாலும் விடமாட்டார். "எந்த மேகம் மேடம் ஒன்றரை வருஷம் ஒரே எடத்துல நிக்கும்? உங்க வீட்டு அலமாரிகூட அதுக்குள்ள ரெண்டு தடவ எடம் மாறியிருக்கும்" என்றார் ஒரு நாள் கான்டீனில், எல்லோர் முன்னிலையிலும். அவள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "அலமாரியை அளக்கற வேலைக்கு உங்களுக்குச் சிபாரிசு பண்றேன்" என்றாள். கான்டீன் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பை இயக்குநர் காரியமாக்கினார். இவ்வளவு பெரிய படலத்தையே பார்க்கத் தெரியாத பலூன் எதற்கு? பலூன் பிரிவை மூடிவிட்டால் அந்த இடத்தில் பார்வையாளர் கூடம் கட்டலாம். பலூன்காரருக்குத் தொலைவில் ஓர் ஊரில், உதிரிச் சாமான் கிடங்கில் பொறுப்பு தயாராக இருந்தது. வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து, இரண்டு தரப்பையும் கேட்டு, ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு நாளும் குறித்தார்கள்.

அவள் அதைப் பற்றி ரொம்ப யோசித்ததாகத் தெரியவில்லை. தப்பாக அளக்கிறவர் கிடங்கில் இருப்பது காற்றுக்கு நல்லது என்று மட்டும் சொன்னாள்.

குழு வருகிற நாள் காலையிலும் கண்ணாடி துடைத்தாகிவிட்டது. அடுத்தது இருட்டுக் கணக்கு. ஒளியே விழாவிட்டாலும் கருவி தானாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் தொலைநோக்கிக்கு மூடி போட்டுவிட்டு, அந்த முணுமுணுப்பை அளந்து, பிறகு வருகிற அளவிலிருந்து கழித்துவிட வேண்டும். காய்கறிக் கடைக்காரர் வெறும் கூடையை நிறுத்துக் கழிக்கிற மாதிரி. இதை ஒரு நாள்கூட அவள் தவறவிட்டதில்லை. மூடியைப் போடும்போதே லேசரையும் அணைத்துவிடுவாள். மூடி போட்ட தொலைநோக்கிக்கு லேசர் எதற்கு? அதற்கு ஆயுசு உண்டு, வீணாக எரியலாமா? ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு. அந்த வளர்ப்பு எங்கே போகும்?

அன்றைக்கு மூடியைப் போட்டாள். லேசரை அணைக்கக் கை நீட்டும்போது போன் அடித்தது. அக்கா. தகர அறைக்குள் பேச்சு சரியாகக் கேட்காது என்பதால் வெளியே வந்தாள்.

"துடைக்கறதுக்குத் துணி கேட்டியேடி, உன் அத்தானோட பழைய பருத்திச் சட்டை ரெண்டு கிழிச்சு வச்சிருக்கேன்."

"எத்தன தடவ துவைச்சது?"

"துவைச்சுத் துவைச்சு என் கைரேகையே போச்சு."

"பொத்தான் எல்லாம் எடுத்துட்டியா? தையல் மடிப்பு?"

"தைக்கறவகிட்டயே கேக்கற பாரு. சரி, இன்னிக்குப் பெரிய மனுஷங்க வராங்களாமே. முகத்த நல்லா வச்சுக்கோ. யாரையும் வெடுக்குனு பேசாத."

"வைக்கறேன், வை" என்று போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள்.

திரையில், அறுநூறு மீட்டரில், அந்தக் கோடு இருந்தது.

மூடி போட மறந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். தொட்டுப் பார்த்தாள். மூடி இருந்தது. கழற்றி மறுபடி அழுத்திப் போட்டாள். கோடு அங்கேயே நின்றது. லேசரை அணைத்தாள், கோடு போனது. போட்டாள், வந்தது. வானத்தையே பார்க்காத தொலைநோக்கியில் வானத்தின் படலம் தெரிந்துகொண்டிருந்தது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. தொலைநோக்கியிலிருந்து வரும் கேபிள் முன்பு அறையின் குறுக்கே கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது கண்ணை உறுத்தியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுக் கேபிள் வாங்கி, சுவரோரமாக, லேசரின் மின்கம்பிக்கு ஒட்டினாற்போல, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, நூல் பிடித்த மாதிரி கொண்டுபோனவள் அவளேதான். லேசர் ஒவ்வொரு தடவை உதைத்ததும், இமைப்பொழுதுக்கும் குறைவான நேரம் கழித்து, பக்கத்திலிருந்த கேபிளில் மின்சாரம் ஒரு முறை துடித்தது. கம்ப்யூட்டர் அதை வானத்திலிருந்து திரும்பிய ஒளி என்று எடுத்துக்கொண்டது. துடிப்பு எப்போதும் ஒரே இடைவெளியில் வந்ததால் எப்போதும் ஒரே உயரம். மேகத்திலிருந்து வெள்ளமாக ஒளி திரும்பும் நாளில் மட்டும் இந்தச் சின்னத் துடிப்பு அமுங்கிப் போனது. லேசர் எரியாதபோது துடிப்பு இல்லை. இருட்டுக் கணக்கில் அது எப்படி அகப்படும்? மாற்றிய மாதம் எது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. படலம் பிறந்த மாதம்.

குன்று, காற்று, ஏடு, எல்லாம் அவள் கட்டிய கதை. முதல் தடவையாக அவள் வாய் 'மங்கல்' என்று தன்னையே பார்த்துச் சொல்லப் போய், போதாது என்று நிறுத்திக்கொண்டது.

நேரே இயக்குநர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கழுத்துப் பட்டையைச் சரி செய்தபடி கேட்டார்.

"கேபிள்தானே? மாத்திடுங்க."

"மாத்தினா படலம் போயிடும் சார்."

"போகட்டும். படலம்னா ஒரு நாள் கலையும்தானே? அடுத்த மாசம் கலைஞ்சுடுச்சுன்னு எழுதுவோம். இன்னிக்கு பலூன் விஷயம் முடியட்டும். இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொல்லுங்க."

"உங்களை மங்கல்னு சொல்ல முடியாது சார். மங்கல்னா கொஞ்சமாவது ஏதாவது தெரியணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சொல்வதைச் சொல்லிவிட்டாளே தவிர, படி இறங்கும்போது மனசு அவர் சொன்ன வழியிலேயே போய்ப் பார்த்தது. பருவம் மாறியதால் படலம் படிப்படியாகக் கலைந்தது. ஒரே வாக்கியம். எவனும் கேள்வி கேட்க முடியாத வாக்கியம். அவள் எழுதியவற்றிலேயே இவ்வளவு சுத்தமாக ஒரு வாக்கியம் வந்ததில்லை. அது அவ்வளவு லேசாக வந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கூட்ட அறைக்கு வெளியே பலூன்காரர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்ததால் முகம் உப்பியிருந்தது. பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், "வாங்க மேடம். கிடங்குல எலி ஜாஸ்தியாம். பூனை வளக்கலாமான்னு கேட்டிருக்கேன்" என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. அவள் அவரைத் தாண்டி அறைக் கதவைத் தள்ளினாள்.

கூட்டம் தொடங்கியது. இயக்குநர் படலத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அவளைப் பார்க்காமலேயே, "மேடம் இப்ப படத்தை விளக்குவாங்க" என்றார்.

"படம் எதுக்கு? மேல வாங்க. கருவியிலயே காட்டறேன்" என்றாள் அவள்.

"மேல வெயில்... தகரக் கூரை வேற..."

குழுத் தலைவர் ஒல்லியான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. "வெயில்தானே, பரவாயில்ல. படத்தை வரவேற்பறையிலேயே பாத்துட்டோம்" என்று எழுந்தார். இயக்குநர் வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினார். "யோசிச்சுப் பண்ணுங்க, மேடம்" என்று மூச்சிரைப்புக்கு நடுவே அவள் காதருகில் சொன்னார். பலூன்காரர் கடைசியாக ஏறினார்.

தகர அறைக்குள் ஆறு பேர் தோளோடு தோள் உரச நின்றார்கள். அங்கே இருப்பது ஒரே நாற்காலி. இயக்குநர் அதை ஆசையோடு பார்த்தார். அவள் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாளே தவிர, யாரையும் உட்காரச் சொல்லவில்லை. லேசர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அறுநூறு மீட்டரில் கோடு.

"இதுதானா அது? கத்தி மாதிரி இருக்கே" என்றார் குழுத் தலைவர்.

"அழகா இருக்கு" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

"எங்கள் படலம்" என்றார் இயக்குநர், பழக்க தோஷத்தில்.

"கிட்டப் பாக்கலாமா? தொலைநோக்கி அதை எப்படிப் பிடிக்குதுன்னு..." என்று குனிந்த குழுத் தலைவர் பாதியில் நிறுத்தினார். மூடியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "மூடி போட்டிருக்கே?"

"மூடி போட்டுத்தான் சார் இருக்கு" என்றாள். "அங்க படலம் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. இந்தக் கேபிளை இந்த எடத்துல கொண்டுவந்து வச்சது நான். வச்ச அன்னிக்கு லேசரை எரியவிட்டு மூடி போட்டுப் பாத்திருந்தா அரை நிமிஷ வேலை. பாக்கல. பலூன் சொன்னது சரி. மேல ஒண்ணும் இல்லன்னு அது தினமும் போய்ப் பாத்துச் சொல்லிச்சு. எழுதிக்கோங்க."

யாரும் எதுவும் எழுதவில்லை. இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சின்னத் தொழில்நுட்பக் கோளாறு..." என்று தொடங்கினார்.

"கோளாறு இல்ல சார். தப்பு. என் தப்பு. நடுவுல நீங்க வராதீங்க, எடம் இல்ல."

அப்போதுதான் வாசலோரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பலூன்காரர் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க, அப்புறம் அந்தப் பெருத்த உடம்பு முழுக்க. தகரச் சுவர் அதிர்ந்தது. "மூடி போட்டு... மேடம்... ஒன்றரை வருஷம்... என் பலூனுக்குக் கண்ணு இல்லன்னு..." என்று சொல்லச் சொல்ல, மூச்சு முட்டியது. குழுவினர் என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்தே. "நல்லா சிரிச்சு முடிச்சுடுங்க. பாக்கி வச்சு தினம் கொஞ்சமா சிரிச்சீங்கன்னா எனக்குக் கட்டுப்படியாகாது."

அவர் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. கழுத்துப் பொத்தானைப் பிய்க்கிற மாதிரி கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சரியப் பார்த்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரையை அணைக்கக் குனிந்தவள், குனிந்தபடியே, அந்த ஒற்றை நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.